உயிரைப் புதையலில் ஒளித்த டிராகன்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கான அரக்கர் நூல் 2014-இல் வெளிவந்தது. அதில் முழு வளர்ச்சி பெற்ற நீல டிராகனின் உயிர்ப்புள்ளிகள் 225. கவச எண் 19. அதை எதிர்ப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லும் சவால் எண் 16. அதே நூலில் அதே நீல டிராகன் இன்னொரு முறையும் வருகிறது. இம்முறை அது செத்து, சதை அழுகி உதிர்ந்து, எலும்புக்கூடாக எழுந்து நிற்கிறது, பெயர் டிராகோலிச். உயிர்ப்புள்ளிகள் அதே 225, கவச எண் அதே 19, சவால் எண் மட்டும் 17. சாவுக்குள் போய்த் திரும்பி வந்த பிராணிக்கு ஒரே ஒரு புள்ளிதான் ஏறியிருக்கிறது. அப்படியென்றால் இதன் பயங்கரத்தை எண்களில் தேடிப் பயனில்லை. சண்டை முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 225 புள்ளிகளும் தீர்ந்து எலும்புகள் சிதறி விழுந்தாலும் இது சாவதில்லை. இதன் உயிர் வேறெங்கோ ஒரு ரத்தினத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்த ரத்தினம் மற்றொரு டிராகனின் சடலத்தைத் தொட்டால் மறுபடி எழும். இந்த ரத்தினம்தான் டிராகோலிச்சின் மையம் என்பது என் வாதம். கண்ணுக்குத் தெரிகிற எலும்புகளுக்கு அடியில் இருப்பது, தன் உடைமைகளோடு தன் உயிரையும் ஓர் உடைமையாகச் சேர்த்து வைத்துக்கொண்ட பேராசையின் கதை.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளியிட்டது இது. சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கற்பனை உலகத்தையும் அதிலுள்ள அரக்கர்களையும் நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசியும் முடிவெடுத்தும் பகடை உருட்டியும் கதையை முன்னே கொண்டுபோகிறார்கள். இந்த உலகத்துக்குள் டிராகோலிச் நுழைந்தது 1986 ஜூனில், ‘டிராகன்’ இதழின் 110-ஆம் எண்ணில். எழுதியவர் எட் கிரீன்வுட், கனடா நாட்டு நூலகர். சிறுவயது முதல் தனக்கென அவர் கட்டி வந்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்னும் கற்பனை உலகம் அடுத்த ஆண்டு, 1987-இல், விளையாட்டுப் பெட்டியாகவே விற்பனைக்கு வந்தது. அந்த உலகத்தில் டிராகன் வழிபாட்டுக் குழு என்றொரு இரகசியக் கூட்டம் உண்டு. அதன் மந்திரவாதிகள் ஒரு நச்சுக் கஷாயம் காய்ச்சுகிறார்கள். தீய டிராகன் ஒன்று அதை விரும்பிக் குடிக்கிறது, குடித்ததும் சாகிறது. அதன் ஆவி முன்பே ஆயத்தம் செய்துவைத்த ரத்தினத்துக்குள் புகுகிறது. பிறகு அருகில் கிடக்கும் சடலத்துக்குள் பாய்கிறது. அது தன் சொந்தச் சடலமாகவும் இருக்கலாம், வேறொரு ஊர்வனவின் சடலமாகவும் இருக்கலாம். வேறு சடலத்தில் புகுந்தால் அது அரைகுறை டிராகோலிச்தான். முழு வடிவம் பெற வேண்டுமானால் தன் பழைய உடலின் ஒரு பகுதியைத் தானே தின்ன வேண்டும். கூடு விட்டுக் கூடு பாய்வதைப் பற்றிய கதைகள் நமக்குப் பழக்கம். ஆனால் விட்டு வந்த கூட்டையே உணவாகக் கேட்கும் பாய்ச்சல் நம் கதைகளில் இல்லாதது. விட்டதையும் விடமாட்டேன் என்கிற இந்தப் பிராணியின் இயல்பு இந்தச் சிறு விதியிலேயே தெரிந்துவிடுகிறது.

பெயரின் பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘லிச்’ என்பது பழைய ஆங்கிலத்தில் உடலையும் பிணத்தையும் குறித்த சொல். இங்கிலாந்துத் தேவாலயங்களின் கல்லறைத் தோட்டத்துக்குக் கூரையிட்ட வாயில் ஒன்று இருக்கும். சவப்பெட்டியைச் சற்று இறக்கிவைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருக்கும் இடம் அது. இன்றும் அதற்குப் பெயர் லிச்கேட். இந்தச் சொல்லை 1930-களின் மலிவுவிலைக் கதை இதழ்களில் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் போன்றவர்கள் புழங்கவிட்டார்கள். விளையாட்டில் அது ஒரு தனிவகை அரக்கனின் பெயரானது: சாவை வெல்வதற்காகத் தன்னையே சாகாப் பிணமாக மாற்றிக்கொண்ட மந்திரவாதி. உயிரை உடலுக்கு வெளியே ஒரு பெட்டகத்தில் வைத்திருப்பான்; உடலை எத்தனை முறை அழித்தாலும் பெட்டகம் இருக்கும்வரை திரும்பி வருவான். கிரீன்வுட் செய்தது இந்த மந்திரவாதியின் உபாயத்தை டிராகனுக்குக் கொடுத்தது.

உயிரை வெளியே ஒளிப்பது மிகப் பழைய உபாயம். எகிப்தில் சுமார் 3200 ஆண்டுகளுக்கு முந்தைய பப்பிரஸ் சுருளில் எழுதப்பட்ட இரு சகோதரர் கதையில், பாட்டா என்பவன் தன் இதயத்தை ஒரு மரத்தின் பூவில் வைக்கிறான். மரத்தை வெட்டியதும் விழுந்து சாகிறான். ருஷ்யக் கதைகளின் கோஷ்செய்க்குச் சாவு ஓர் ஊசியின் முனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் அறிஞர்கள் இந்தக் கதைக்கு 302 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஃபிரேசர் தம் ‘தங்கக் கிளை’ நூலில் புற உயிர் என்ற தலைப்பிலேயே இவற்றைத் திரட்டினார். அவர் எடுத்த சான்றுகளில் இந்தியக் கதையும் ஒன்று. மேரி ஃபிரேர் 1868-இல் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பில் வரும் பஞ்ச்கின் என்ற மந்திரவாதியின் கதை அது. தொலைதூரக் காட்டின் நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஆறு நீர்ப்பானைகளுக்குக் கீழே, ஒரு கூண்டில், ஒரு பச்சைக்கிளி. அந்தக் கிளியில் அவன் உயிர். அந்த ஆங்கிலப் பக்கத்தில் பானைக்கு வரும் சொல் நம் ‘சட்டி’ என்பதன் ஆங்கில உருவம். ஏழு மலை ஏழு கடல் தாண்டிக் கிளியின் வயிற்றில் உயிரை வைத்த அரக்கனைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு, டிராகோலிச் முற்றிலும் அந்நியமான பிராணி அல்ல. கிளியின் இடத்தில் ரத்தினம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்பதில்தான் என் வாதத்தின் பாதி அடங்கியிருக்கிறது. கிளிக்கும் ரத்தினத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. கிளி, வாத்து, பூ எல்லாம் எளிமையானவை, நொய்மையானவை. யாரும் விலை பேசாதவை. பேருடல் கொண்ட அரக்கனின் உயிர் ஒரு பிடிக்குள் அடங்கும் சிறு பிராணியில் இருப்பதுதான் அந்தக் கதைகள் தரும் அதிர்ச்சி. ரத்தினம் அப்படியன்று, அது விலையுள்ள பொருள், அதுவும் டிராகன் காலம் காலமாகக் குவித்து வைப்பது எதையோ அந்த வகைப் பொருள். ஆகவே பெயரின் முன்பாதிக்கு வரவேண்டியிருக்கிறது. வட ஐரோப்பிய மரபில் டிராகன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது புதையல். அந்தப் புதையல் பெரும்பாலும் செத்தவர்களின் செல்வம். ‘பேயோவுல்ஃப்’ காவியத்தில் வரும் டிராகன் எதையும் தானாகச் சம்பாதித்ததில்லை. அழிந்துபோன ஓர் இனத்தின் கடைசி மனிதன் மண்மேட்டில் புதைத்துவிட்டுப் போன செல்வத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் படுத்துக்கொண்டது, அவ்வளவே. நூற்றாண்டுகள் கழித்து யாரோ ஒருவன் ஒரே ஒரு கிண்ணத்தைத் திருடிப் போகிறான். அத்தனை பெரிய குவியலில் ஒரு கிண்ணம் குறைந்ததை டிராகன் உணர்ந்துகொள்கிறது, ஊரே எரிகிறது. கடைசியில் டிராகனும் அதை எதிர்த்துப் போரிட்ட மன்னனும் மடிந்த பிறகு அந்தச் செல்வம் மன்னனோடு மறுபடி மண்மேட்டுக்குள்ளேயே போகிறது. செத்தவர்களிடமிருந்து செத்தவரிடம். நடுவில் டிராகன் ஒரு காவலன் மட்டும், தான் சொந்தக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்த காவலன்.

ஐஸ்லாந்தின் பழங்கதைகளான சாகாக்கள் இன்னும் ஒரு படி போகின்றன. ‘வொல்சுங்க சாகா’வின் ஃபாஃப்னிர் பிறப்பால் டிராகன் அல்லன். பொன்னுக்காகத் தந்தையைக் கொன்று, அதை யாருக்கும் தராமல் அதன்மேலேயே கிடந்து டிராகனாக மாறியவன். ‘கோல்ட்-தோரிர் சாகா’வில் வால் என்ற கடற்கொள்ளையனும் அவன் பிள்ளைகளும் தங்கள் பொன்னோடு ஒரு குகைக்குள் நுழைந்து, அதன்மேல் படுத்து, பறக்கும் டிராகன்களாகிவிடுகிறார்கள். மனிதனும் டிராகனும் இங்கே இரு வேறு இனங்களாக இல்லை. விட மறுக்கும் மனம் எவ்வளவு நாள் பொன்மேல் கிடந்தால் செதில் முளைக்கும் என்பதுதான் கேள்வி. இந்த மரபைத் தெளிவாக அறிந்திருந்த டோல்கீன், 1937-இல் வந்த ‘தி ஹாபிட்’ கதையில் ஸ்மாக் என்ற டிராகனைக் கொன்று ஏரியில் விழவைத்தார். அதன் எலும்புகளோடு உடலில் ஒட்டியிருந்த ரத்தினங்களும் நீருக்கடியில் கிடக்கின்றன. எடுக்க யாருக்கும் துணிவில்லை. எல்லா டிராகன்களுக்கும் முடிவு இதுதான். எதையும் விடாமல் பிடித்திருந்தவனின் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும் ஒரே எதிரி சாவு. இந்த நோக்கில் பார்த்தால் டிராகோலிச் வெறும் கலப்பினம் ஆகாது; டிராகன் கதைகளின் உள்ளே ஆயிரம் ஆண்டுகளாக இருந்த ஒரு தர்க்கத்தின் கடைசிப் படி. விடமாட்டேன் என்ற பிராணி, கடைசியாக உயிரையும் விடமாட்டேன் என்கிறது. அதைக் கல்லாக்கிக் குவியலோடு வைத்துக்கொள்கிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. கிரீன்வுட்டும் விளையாட்டு நிறுவனமும் நாட்டுப்புறவியல் ஆய்வு நடத்தவில்லை. ஆட்டக்காரர்கள் வலுவடைய வலுவடைய அவர்களுக்கு ஈடுகொடுக்கும் புதிய எதிரிகள் தேவைப்பட்டன. டிராகனோடு லிச்சைச் சேர்த்தால் இரு மடங்கு பயம், அத்தோடு விஷயம் முடிந்தது என்பார்கள். வலுதான் நோக்கம் என்றால் மேலே சொன்ன எண்கள் அதை மெய்ப்பிக்க வேண்டும், அவை மெய்ப்பிக்கவில்லை. ஐந்தாம் பதிப்பில் சாவு டிராகனுக்கு ஒரு சவால் புள்ளியைத்தான் கூட்டுகிறது. பதிப்புகள் மாறிவந்த இத்தனை ஆண்டுகளில் டிராகோலிச்சின் பார்வைத் தாக்குதல், எதிர்ப்பு ஆற்றல், எண்கள் எல்லாம் மாறியிருக்கின்றன. பெரும்பாலும் மாறாமல் நிற்பது ரத்தினம். எழுதியவர்கள் எதைக் கைவிடவில்லையோ அதைத்தான் அந்தப் படைப்பின் முதுகெலும்பு என்று கொள்ள வேண்டும்.

எலும்பு டிராகனை வேறு பலரும் படைத்திருக்கிறார்களே என்ற மறுப்புக்கும் இடமுண்டு. உண்மைதான். ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’ கணினி விளையாட்டில் எலும்பு டிராகன் வருகிறது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் லிச் அரசன் எழுப்பிய சிந்திரகோசா என்ற டிராகன் பனியைக் கக்குகிறது. 2017-இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் இரவு அரசன் செத்த டிராகனைச் சங்கிலியால் ஏரியிலிருந்து இழுத்து எழுப்பும் காட்சியைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். இவற்றில் எதற்கும் உயிர்க்கல் கிடையாது, ஆனாலும் பயம் வருகிறது. ஆனால் அந்தப் பயம் யாரைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். அந்த டிராகன்களைச் சாகடித்தது வேறொருவர், எழுப்பியதும் வேறொருவர், அவை படைக்கலங்கள். நமக்கு அச்சம் எழுப்பியவனிடம்தான். டிராகன் மீது வருவது இரக்கம். ஏரிக்கரையில் அந்த நீலக் கண் திறக்கும்போது வயிற்றைப் பிசைவது அந்த இரக்கமே. டிராகோலிச்சை யாரும் இழுத்து எழுப்பவில்லை. அது தானே கோப்பையை எடுத்துக் குடிக்கிறது. தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இந்த இரு வகைகளையும் ஒரே பட்டியலில் அடைப்பது பிழை. ஒன்று அடிமைப் பிணம். மற்றொன்று தன் விருப்பத்தால் பிணமானது.

லிச் நேராக நாட்டுப்புறக் கதையிலிருந்து வரவில்லை, கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதிய கோத்தார் வீரக் கதையிலிருந்து எடுத்தது என்று கைகாக்ஸே சொல்லியிருக்கிறாரே என்பார்கள் வரலாறு தெரிந்தவர்கள். அதை மறுக்கத் தேவையில்லை. ஒரு கதைக்கூறு ஊர் ஊராகப் பயணம் செய்வது எப்போதும் எளிய வாகனங்களில்தான். ஒரு காலத்தில் ஆயாக்களும் நாடோடிகளும் சுமந்து சென்றதை இருபதாம் நூற்றாண்டில் மலிவுவிலை இதழ்கள் சுமந்தன. எந்த வண்டியில் வந்தது என்பதைவிட, வந்து இறங்கிய இடத்தில் அதற்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த வேலையைப் புரிந்துகொள்ள, 1986-இல் இந்த விளையாட்டு எப்படி ஆடப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1974-இன் முதல் விதிகளிலிருந்தே பாத்திரங்கள் வளர்ந்தது முக்கியமாகச் செல்வத்தால். அரக்கனைக் கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் கொஞ்சம். பாதாளத்திலிருந்து மீட்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஏறத்தாழ ஒரு புள்ளி. இதுதான் பெரிய வரவு. வீரம், அறம் எல்லாம் ஆட்டக்காரர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டவை. விதி எண்ணியது காசைத்தான். 1977-இன் அரக்கர் நூலில் பெரும்பாலான டிராகன்களுக்கு உரிய புதையல் ‘எச்’ வகை, அந்தப் பட்டியலின் மிகச் செழிப்பான வகைகளுள் ஒன்று. எனவே டிராகனைத் தேடிப் போகிறவர்களின் கண் டிராகன்மேல் அல்ல, அது படுத்திருக்கும் மேட்டின்மேல். இப்போது அந்த மேட்டில் ஆயிரம் ரத்தினங்களோடு ஒன்றாக டிராகனின் உயிரும் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எலும்புகளை நொறுக்கி வென்றவர்கள் என்ன செய்வார்கள்? குவியலை வாரிப் பைகளில் கட்டுவார்கள். எதிரியின் உயிரைத் தங்கள் கையாலேயே குகைக்கு வெளியே சுமந்து வருவார்கள். நகரத்தில் ரத்தினத்தை விற்பார்கள். அது கை மாறும். ஒருநாள் எங்கோ ஒரு டிராகனின் சடலத்தருகே போய்ச் சேரும். டிராகனை உயிர்ப்பிக்கும் சக்தி மந்திரத்துக்கு இருப்பதைவிட வென்றவர்களின் ஆசைக்கே அதிகம் இருக்கிறது. கோஷ்செய்யின் ஊசியை யாரும் ஆசைப்பட்டு எடுத்துப் போவதில்லை. ரத்தினத்தை எல்லோரும் எடுப்பார்கள். கிளியை ரத்தினமாக மாற்றியதில் கிடைத்த புதுப்பொருள் இதுதான். இதனாலேயே டிராகோலிச் லிச்சைவிடச் செறிவான படைப்பு என்று நினைக்கிறேன். லிச் அறிவுக்காக நேரம் கேட்கும் கல்விமான். அவனுடைய பெட்டகத்தை யாரும் விரும்பமாட்டார்கள், அழிக்கத்தான் தேடுவார்கள். டிராகோலிச்சின் பெட்டகம் எல்லோரும் விரும்பும் பொருள்.

பேராசைக்கு ஒரு விலையும் இந்த விதிகளுக்குள் இருக்கிறது. டிராகன் தனியாக டிராகோலிச் ஆக முடியாது. கஷாயம் காய்ச்ச மனித மந்திரவாதி வேண்டும். அது தவறிப் போகலாம், டிராகன் வெறுமனே செத்துப் போகலாம். உயிர்க்கல்லைக் காக்க ஆட்கள் வேண்டும். யாரையும் மதிக்காத பிராணி, யாருக்கும் ஒரு காசைத் தராத பிராணி, தன்னிடம் இருப்பதிலேயே விலைமதிப்பற்றதை எளிய மனிதர்களின் கையில் ஒப்படைக்கிறது. கல்லை வைத்திருப்பவன் கையில் டிராகனின் குடுமி. அந்த மனிதர்களும் தெளிவுடையவர்கள் அல்லர். வழிபாட்டுக் குழுவை நிறுவிய சாமாஸ்டர் என்ற மந்திரவாதி, செத்த டிராகன்கள் உலகை ஆளும் என்ற பழைய தீர்க்கதரிசனத்தை நம்பினான். அவன் அதைத் தவறாக மொழிபெயர்த்துக்கொண்டான் என்பது அந்தக் கற்பனை உலகத்தின் வரலாறு. பிற்பாடு அவனும் லிச் ஆனான். இருதரப்பும் ஒருவரையொருவர் உடைமையாக நினைக்கும் உறவு இது. வட ஐரோப்பியக் கதைகளில் தனியே கிடந்த டிராகனுக்கு இப்படியொரு சிக்கலான கூட்டாளியைத் தந்தது கிரீன்வுட்டின் அரிய பங்களிப்பு.

பெட்டகத்தின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். நெடுங்காலம் இந்த விளையாட்டு உயிர்ப் பெட்டகத்தை ‘ஃபிலாக்டெரி’ என்றது. அது யூதர்கள் தொழுகையின்போது நெற்றியிலும் கையிலும் கட்டிக்கொள்ளும், மறைவாசகங்கள் அடங்கிய சிறு பேழையின் கிரேக்கவழிப் பெயர். வாழும் மக்களின் புனிதப் பொருளைப் பிணமந்திரவாதியின் கருவியாக்கியது தவறு. 2025-இல் வந்த புதிய அரக்கர் நூலில் லிச்சின் பெட்டகம் ‘ஆவிச் சாடி’ ஆகிவிட்டது. மரபைக் கெடுத்துவிட்டார்கள் என்ற குறையில் எனக்கு உடன்பாடில்லை. பழைய பெயர்தான் மரபுக்கு வெளியிலிருந்து வந்தது. பஞ்ச்கினின் கிளிக்கூண்டின்மேல் அடுக்கியிருந்தவை பானைகள்தாமே.

தமிழில் இந்த விளையாட்டை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிராகோலிச்சை மேசைக்குக் கொண்டுவருமுன் அதன் உயிர்ப்புள்ளிகளைக் கூட்டாதீர்கள், 225 போதும். அதன் ரத்தினம் எங்கே இருக்கிறது, யார் காவலில் இருக்கிறது, குவியலில் எத்தனை கற்களுக்கு நடுவே கிடக்கிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள். சண்டை முடிந்து, யார் எந்தப் பையில் எந்தக் கல்லைப் போட்டுக்கொண்டார் என்பதையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.